பதினொரு டிகிரி

“நகரத்தின் இன்றைய வெப்பநிலை பதினொரு டிகிரி. மாலையில் குடும்பத்தோடு உலாவ ஏற்ற இதமான வானிலை” என்று வானொலியில் அந்தப் பெண் தேன் ஒழுகச் சொன்னபோது, ஜெனோவா குடத்துக்குள் உறைந்துகிடந்த தண்ணீரைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தியலை நிறுத்திவிட்டு வானொலியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அது அச்சில் ஏற்றக்கூடிய வார்த்தை இல்லை. வாசல் சுவரில் அவள் புருஷன் சந்தியாகு ஆணியடித்து மாட்டியிருந்த வெப்பமானி மைனஸ் நாற்பத்து மூன்றில் நின்றது.

வானொலிப் பெண் பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். நடுநகரத்துச் சதுக்கத்தில் அப்போது உண்மையாகவே பதினொரு டிகிரிதான்.

சார்தாவ் நகரம் புல்வெளிக்கு நடுவில் கிடக்கிறது. எந்தத் திசையில் நடந்தாலும் கடலைப் பார்க்க ஆயுசு போதாது. கடல் பக்கத்தில் இல்லாத ஊருக்கு நிதானம் கிடையாது. ஜனவரியில் எச்சில் தரையில் விழுமுன் உறையும், ஜூலையில் தார் ரோடு செருப்பைப் பிடித்துக்கொள்ளும். இப்படியே இருந்த ஊரில்தான் சில பொறியாளர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். கடல் கோடையில் மெல்லச் சூடாகிறது, குளிர்காலத்தில் மெல்ல ஆறுகிறது, அதனால்தான் கரையோர ஊர்கள் சாதுவாக இருக்கின்றன. நமக்குக் கடல் இல்லையென்றால் செய்துகொள்ள வேண்டியதுதானே? பூமிக்கடியில் பெரும் குழிகள் தோண்டி உப்பை நிரப்பினார்கள். கோடையில் நடுநகரத்தின் சூட்டைக் குழாய் வழியே இழுத்து உப்பை உருக்கிவைப்பது, குளிர்காலத்தில் அதைத் திருப்பி எடுத்துக்கொள்வது. ‘உள்கடல்’ என்று பெயர். அதன்பின் நடுநகரத்தில் கோடை இருபத்தேழைத் தாண்டியதில்லை, குளிர் ஒன்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. வருஷம் முழுக்க ரோஜா பூக்கிறது.

அந்த உள்கடலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதே சமயத்தில் நிஜக் கடல் ஏறிவந்து தென்கரையில் ஊர் ஊராக விழுங்கிக்கொண்டிருந்தது. வீடும் வள்ளமும் போன மீன்பிடிச் சனத்தை ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவந்து நகரத்துக்கு வெளியே குடிவைத்தார்கள். யாரோ தமிழ் படித்த புண்ணியவான் ஒருவன் அந்தக் குடியிருப்புக்கு ‘நெய்தல் நகர்’ என்று பெயர் வைத்தான். ஜெனோவா கையில் அவன் அகப்பட்டால் நல்லதில்லை.

சந்தியாகு வெளிக்குழாய்க் கூட்டத்தில் வேலை செய்தான். குழாய் திறந்த புல்வெளியில் ஓடுகிறது. இணைப்புகளில் ஐஸ் கட்டும், கசியும், வெடிக்கும். அதை அடித்து உடைத்து மாற்ற மனிதர் போக வேண்டும். போன குளிர்காலத்தில் வலது கையில் இரண்டு விரல் கறுத்து விழுந்தது. அதைக்கூட ஜெனோவா பொறுத்துக்கொண்டாள். ஆனால் குளிர் நெஞ்சுக்குள் இறங்கி, இரண்டு மாதம் ரத்தமாக இருமினான். “நுரையீரலில் இன்னொரு தடவை இப்படி ஆனால் என்னிடம் கொண்டுவராதீர்கள், பாதிரியாரிடம் கொண்டுபோங்கள்” என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகமாட்டேன் என்று சந்தியாகு சொல்லவும் வழியில்லை. மறுத்தால் குடியிருப்பு உரிமை போகும், எல்லைமுகாமுக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே கூடாரம்தான், சுவர்கூடக் கிடையாது.

அன்று தலைமை இணைப்பு ஒன்று கசிவதாகச் செய்தி வந்திருந்தது. கூட்டம் புறப்பட்டுப் போய்விட்டது. ஜெனோவா தலையில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு குழாய்நிலைய அலுவலகத்துக்கு நடந்தாள். அவளும் அங்கேதான் வேலை செய்தாள். கிழிந்த குளிருடைகளைத் தைப்பது அவள் பாடு. எத்தனையோ கையுறைகளில் விரல் இல்லாத இடத்தை மடித்துத் தைத்திருக்கிறாள்.

பொறுப்பு அலுவலர் ததேயு மச்சாது மேசைக்குப் பின்னால் இருந்தான். அவனும் இதே சனத்தில் ஒருவன். வந்த புதிதில் அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க, ஊரே சேர்ந்து அலைந்தது. இப்போது பொறியாளர், நடுநகரத்தில் வீடு. அவன் அம்மா பிலோமினா மட்டும் நெய்தல் நகரில் தனியாக இருந்தாள். நடுநகரத்துச் சட்டப்படி குடும்பம் என்றால் மனைவியும் பிள்ளைகளும்தான், பெற்றவள் அதில் வரமாட்டாள்.

“உக்காருங்கக்கா. டீ சொல்லட்டுமா?”

“டீ வேண்டாம் தம்பி. போன ஆள்களத் திருப்பிக் கூப்பிடு. மைனஸ் இருவத்தஞ்சுக்குக் கீழ போனா வெளிவேல கெடையாதுன்னு சட்டம் இருக்கா, இல்லையா?”

“இருக்கு. ‘நகரத்தின் வெப்பநிலை’ன்னு இருக்கு. அத எங்க அளக்கணும்னும் இருக்கு. சதுக்கத்துல மணிக்கூண்டுக்குக் கீழ ஒரு கருவி. அந்தச் சட்டம் போட்டப்ப உள்கடல் கெடையாது, ஊர் முழுக்க ஒரே குளிரு. அப்ப அது நல்ல சட்டந்தான்.”

“இப்ப?”

“இப்ப அது பதினொன்னு காட்டுதுக்கா.”

“எங்க வீட்டுச் சொவர்ல நாப்பத்தி மூணு காட்டுது. நாங்க வந்த வருசம் இம்புட்டு இல்லையே. முப்பத்தஞ்சு, முப்பத்தாறு. எப்படிக் கூடுச்சு?”

ததேயு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான்.

“சூட்ட யாரும் உண்டாக்க முடியாதுக்கா. ஒரு எடத்துலருந்து எடுத்து இன்னொரு எடத்துல வைக்கலாம், அவ்வளவுதான். உப்புக்குழி எல்லாம் நெய்தல் நகருக்கு அடியில இருக்கு. கோடையில நெறைய வச்சா மேல கசியும். குளிர்ல காலியாச்சுன்னா மேல இருக்க தரையிலருந்தும் இழுத்துக்கும்.”

அவளுக்கு இது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் காது மடல் வரைக்கும் சூடானது.

“அப்ப அவிய குளிர எங்க வீட்டுல கொண்டாந்து வச்சிருக்கீய. அவிய வெயிலயும்.”

“அப்படிச் சொல்லக்கூடாதுக்கா.”

“பெறவு எப்படிச் சொல்ல?”

“அங்க பத்து லட்சம் பேர் இருக்காங்க. ஆஸ்பத்திரி இருக்கு, கொறமாசத்துல பொறந்த பிள்ளைங்க இருக்கு. அந்த இணைப்பு வெடிச்சா ரெண்டு நாள்ல சதுக்கம் பூஜ்யத்துக்குப் போயிரும்.”

“ஆஸ்பத்திரிக்கு அடுப்பு வையி, நான் வேண்டாங்கலையே. ஊருக்கே எதுக்குல வசந்தகாலம்? மெசின அனுப்பு.”

“மைனஸ் முப்பதுக்குக் கீழ மெசின்ல எண்ணெய் உறைஞ்சிரும். செஞ்ச கம்பெனி ஒத்துக்காது.”

“மனுசனச் செஞ்ச கம்பெனி ஒத்துக்கிட்டாக்கும்.”

ததேயு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். தூக்கம் கெட்ட முகம். “எனக்கு மட்டும் ஆசையாக்கா? என் கையில ஒன்னுமில்ல. ஒப்பந்தப்படி வேல நிக்க ரெண்டே வழிதான். அந்தக் கருவி மைனஸ் இருவத்தஞ்சுக்கு இறங்கணும். இல்ல, ஊர்ல யாராச்சும் சாகணும்.”

அவன் அதைச் சலிப்பில்தான் சொன்னான். ஆனால் சொன்னது உண்மை. கடற்கரையில் ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. போன வள்ளமும் மணிச்சத்தம் கேட்டால் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடும். இங்கே வரும்போது ஊர்க்கமிட்டிக்காரர்கள் சம்பளத்தைப் பற்றிக்கூட அதிகம் பேசவில்லை, இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார்கள். என்றைக்கோ ஒரு சாவுதானே என்று எதிரே இருந்த அதிகாரியும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். துட்டி நாளில், அதாவது சாவு விழுந்த நாளில், நெய்தல் நகர்வாசி எவரும் வெளிவேலைக்கு வரத் தேவையில்லை.

“சரிங்க சார்” என்றாள் ஜெனோவா. அவள் அவனை சார் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவனுக்கு அது சுருக்கென்று தைத்தது என்பது முகத்தில் தெரிந்தது. தைக்கட்டும் என்று கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

நேராக மாதா கோயிலுக்குப் போனாள். உபதேசியார் குருசு பீடத்துக்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“உபதேசியாரே, துக்க மணி அடியும்.”

“ஐயோ. யாருக்கும்மா?”

“ஜெனோவாவுக்கு.”

“எந்த ஜெனோவா?”

“ஒமக்கு எத்தனை ஜெனோவாவத் தெரியும்? இந்த ஜெனோவாதான்.”

குருசு அவளை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய மகனும் குழாய்க் கூட்டத்தில்தான் இருந்தான். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.

புல்வெளியில் சத்தத்துக்குத் தடுப்பு இல்லை. வெளிக்குழாய்க் கூட்டத்தின் அறுபது பேரும் கையில் இருந்ததைக் கையில் இருந்தபடியே கீழே போட்டார்கள். மேற்பார்வையாளன் கத்தினான், மிரட்டினான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறியபிறகு ஓட்டுநர்தான் கம்பியில்லாப் பேசியில் பெயரைக் கேட்டுச் சொன்னார்.

இதற்குள் ஜெனோவா வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. மாரில் அடித்துக்கொண்டு வந்த பெண்கள், செத்தவள் வாசலில் நிற்பதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பிலோமினாதான் முதலில் விஷயத்தைப் பிடித்தாள். அந்தக் காலத்தில் மீன் ஏலக்கூடத்தையே அடக்கிய குரல் அவளுக்கு.

“செத்தவ ஏன்டி நிக்கா? உக்கார வையுங்க அவள. ஏட்டி ஜெனோவா, ஒனக்கு மூக்குல பஞ்சு வைக்கவா, இல்ல டீ வேணுமா?”

நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் மாலை போட்டு, கருவாடு வாங்கிய பாக்கியைக் கொடுக்காமல் போயிட்டியே என்று பிலோமினா ராகம் போட்டு அழுதாள். சிரித்துச் சிரித்துப் பெண்களுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் அந்தத் தெரு சிரித்தது அன்றைக்குத்தான்.

சந்தியாகு வந்து வாசலில் நின்றபோது சிரிப்பு நின்றது. அவன் முகத்தில் கண்ணீர் உறைந்து, இமை ஒட்டிப்போயிருந்தது. அவளைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். மாலையைப் பிடித்து இழுத்து அறுத்தான்.

“எம் பேரச் சொல்லியிருக்கலாமுல்லா? ஒம் பேர எதுக்குச் சொன்ன?”

“ஒங்க பேரச் சொல்ல எனக்கு வாய் வருமா?”

“எனக்குக் காது மட்டும் வருமாக்கும்?” என்று கேட்டவன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. ஆனால் இருமவும் இல்லை. ஜெனோவாவுக்கு அது போதும்.

மறுநாள் உபதேசியார் குருசு தமக்கே மணியடித்துக்கொண்டார். அதற்கு மறுநாள் பிலோமினா செத்தாள். “எனக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா” என்று கோயிலுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். கசிந்த இணைப்பு கசிந்துகொண்டே இருந்தது. சதுக்கத்துக் கருவி பதினொன்றிலிருந்து நாலுக்கு வந்தது, பூஜ்யத்துக்கு வந்தது, அதற்கும் கீழே மூன்று டிகிரி போனது. நீரூற்று உறைந்தது. வானொலிப் பெண்ணின் குரலில் தேன் வற்றிப்போயிற்று. ரோஜாச் செடிகள் கருகிய துயரத்தைப் பற்றி அரைமணி நேரம் நிகழ்ச்சி வைத்தார்கள். மைனஸ் மூன்றுக்கு. ஜெனோவா அதை முழுவதும் உட்கார்ந்து கேட்டாள், கேட்டுக்கொண்டே பல்லைக் கடித்தாள்.

நாலாவது பெயருக்கு ஆள் தேடுவதற்குள் ஒலிபெருக்கி வண்டி வந்தது. வண்டியில் ததேயு. துட்டி நாள் பற்றிய விதி திருத்தப்பட்டிருப்பதாக அவனே வாசித்தான். இனிமேல் சடலம் காட்டப்பட வேண்டும். மரணம் குடியிருப்பின் எல்லைக்குள் நிகழ்ந்திருக்க வேண்டும். பொறுப்பு அலுவலர் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நாளைக் காலை வழக்கம்போல வண்டி வரும், வராதவர்கள் குடும்பத்தோடு முகாமுக்கு அனுப்பப்படுவார்கள்.

பிலோமினா முன்னால் வந்தாள்.

“ஏலே ததேயு. இத எழுதினது யாரு?”

“அம்மா, வீட்டுல பேசலாம்.”

“யாருன்னு கேட்டேன்.”

“நான்தான் எழுதினேன். எழுதாட்டி துட்டி நாளையே மொத்தமா எடுத்திருப்பாங்க. இதாவது மிஞ்சட்டும்னு எழுதினேன்.”

“அப்ப ஒனக்குப் பொணம் வேணும்.”

“எனக்கு வேண்டாம்மா. அவங்க கேக்காங்க.”

“அவிய கேக்காவ, நீ எழுதிக் குடுக்க. நாக்கு அவியளுது, எழுத்து ஒன்னுது. இந்த எழுத்துக்கா ஒன்னைய இந்த ஊரு படிக்க வச்சிச்சு?” அவள் கத்தவில்லை. அந்தக் குரலுக்குக் கத்தாமல் பேசத் தெரியும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள். ஜெனோவா பின்னாலேயே போய்த் தோளைத் தொட்டபோது, “காலைல அந்த வண்டி எப்படி உள்ள வருதுன்னு பாக்கேன்டி” என்று மட்டும் சொன்னாள். கோபத்தில் எல்லாரும் சொல்கிற பேச்சுதான் என்று ஜெனோவா விட்டுவிட்டாள்.

காலையில் சந்தியாகுவுக்கு உடுப்பு மாட்டிவிட்டாள். நெஞ்சுப் பக்கம் தன் கம்பளியை வெட்டி உள்ளே வைத்துத் தைத்திருந்தாள். வாசல் வெப்பமானியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தாள். நாற்பத்து நாலு. அவன் பூட்சைக் கட்டிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது: வண்டியில் எஞ்சின் கோளாறு, ஒரு மணி நேரம் தாமதம், வீட்டிலேயே இருங்கள். அந்த ஒரு மணி நேரமும் இருவரும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சந்தியாகு பழைய வள்ளத்தைப் பற்றி ஏதோ சொன்னான், அவள் காதில் ஏறவில்லை. அவன் திரும்பி வருவானா, மாட்டானா என்பதைத் தவிர அவளுக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

வண்டியின் ஹாரன் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கமாக இரண்டு தடவைதான் அடிப்பார்கள். இருவரும் வெளியே வந்து, மற்றவர்களோடு சேர்ந்து நுழைவாயிலுக்கு நடந்தார்கள்.

குடியிருப்பு எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. தடுப்புக்கு வெளிப்பக்கம் வண்டி நின்றது. வண்டியின் விளக்கு வெளிச்சத்தில், நடு ரோட்டில், ஒரு பஞ்சுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. வண்டியிலிருந்து ததேயு இறங்கி ஓடினான். கிட்டே போனதும் அவன் ஓட்டம் நின்றது. அப்புறம் முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்த உருவத்தின் கைகளைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

பிலோமினாவின் புருவமும் முக்காட்டு ஓரமும் வெள்ளையாக இருந்தன. கண் திறந்திருந்தது. வண்டி வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெற்றவள் மேல் வண்டியை ஏற்ற மகன் விடமாட்டான் என்று நம்பி வந்திருக்கிறாள். வழக்கமான நேரத்துக்கு வண்டி வந்திருந்தால் சத்தம் போட்டிருப்பாள், மகனை நாலு வார்த்தை வைதிருப்பாள், யாராவது தூக்கிக்கொண்டு போய் அடுப்புப் பக்கம் உட்காரவைத்திருப்பார்கள். தாமதம் என்ற செய்தி வீட்டுக்கு வீடு போனது, ரோட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குப் போகவில்லை.

“அம்மா, எந்திரி. எந்திரிம்மா” என்று ததேயு சொல்லிக்கொண்டே இருந்தான். ஜெனோவா போய் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மேற்பார்வையாளனின் பேசி ஒலித்தது. அவன் பேசிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அதைச் சத்தமாக வைத்து ததேயுவிடம் நீட்டினான். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குரல், யாருக்கும் கெடுதல் நினைக்காத, பல் தேய்த்துச் சுத்தமாக வந்து உட்கார்ந்த குரல்.

“மரணம் நிகழ்ந்த இடம்?”

“நுழைவாயில்” என்றான் ததேயு.

“தடுப்புக்கு உள்ளேயா, வெளியேயா?”

ததேயு அம்மாவின் முக்காட்டிலிருந்த பனியைத் துடைத்தான். மேற்பார்வையாளன்தான், “வெளியே” என்றான்.

“அப்படியானால் விதி பொருந்தாது. எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைக் குடும்பத்தாருக்குத் தெரிவியுங்கள். பணியாளர்களை ஏற்றிக்கொண்டு புறப்படலாம்.”

ஜெனோவாவுக்குப் பேசியைப் பிடுங்கி ரோட்டில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்தக் குரலுக்கு ஒரு கழுத்து இருந்தால் அதைப் பிடித்திருப்பாள். பக்கத்தில் சந்தியாகு முதல் இருமல் இருமினான். யாரும் வண்டியில் ஏறவில்லை, ஆனால் ஏறமாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

ததேயு எழுந்தான். குனிந்து, உட்கார்ந்த நிலையிலேயே விறைத்திருந்த அம்மாவை அப்படியே இரண்டு கையிலும் அள்ளினான். உதவிக்கு வந்தவர்களைத் தலையாட்டி வேண்டாம் என்றான். இரும்புத் தடுப்புக்குக் கீழே அவளோடு குனிய முடியவில்லை. “தூக்குங்க” என்றான். சந்தியாகு போய் இரண்டு விரல் போன கையால் தடுப்பைத் தூக்கிப் பிடித்தான். ததேயு உள்ளே வந்து, குடியிருப்பின் தரையில் அம்மாவை இறக்கி வைத்தான். பேசியைக் கேட்டு வாங்கினான்.

“பொறுப்பு அலுவலர் ததேயு மச்சாது பேசுகிறேன். சடலம் எல்லைக்குள் இருக்கிறது. மரணம் எல்லைக்குள்தான் நிகழ்ந்தது. நான் நேரில் பார்த்து உறுதிசெய்கிறேன்.”

மறுமுனை ஏதோ சொல்லத் தொடங்கியது. அவன் அணைத்துவிட்டான். திரும்பி உபதேசியாரைப் பார்த்து, “மணி அடிங்க” என்றான்.

பிலோமினாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்பு மூட்டி, உடம்பு இளகியபின்தான் படுக்கவைக்க முடிந்தது. ஜெனோவாதான் கைகால்களை நீட்டிவிட்டாள். மூன்று நாளுக்கு முன்னால் இந்தக் கிழவி தனக்காக ராகம் போட்ட அதே தெருவில், இப்போது ஒருவருக்கும் ராகம் வரவில்லை. உபதேசியார் செபத்துக்கு நடுவே, தன் சனத்துக்காகத் தன்னையே பலியாகத் தந்தவள் என்று ஆரம்பித்தார்.

“நிறுத்தும்” என்றாள் ஜெனோவா. “பலியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. அவிய சாகப் போகல. வண்டிய மறிக்கப் போனாவ. வண்டி வரல, குளிரு கொன்னு போட்டுட்டு. அதச் சொல்லும்.”

குருசு அதையே சொன்னார்.

கூட்டம் கொஞ்சம் விலகியபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த ததேயு மெல்லக் கூப்பிட்டான்.

“அக்கா. வண்டிய நிறுத்தி வச்சது நான்தான்.”

அவள் திரும்பினாள்.

“எஞ்சின் கோளாறுன்னு மேல பொய் சொன்னேன். வெயில் கொஞ்சம் ஏறட்டும்னு பாத்தேன். ஒரு மணி நேரம் லேட்டாப் போனா நாலு டிகிரியாச்சும் குளிரு கொறையும். சந்தியாகு அண்ணன் நெஞ்சுக்கு அதாவது ஆகுமேன்னு.” அவன் குரலில் அழுகை இல்லை, கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னான். “என்னால முடிஞ்சது அவ்வளவுதான்னு நெனச்சேன்.”

மூன்று நாளாக அவனுக்கென்று சேர்த்துவைத்திருந்த வசவெல்லாம் ஜெனோவாவின் நாக்கு நுனியில் இருந்தன. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்துவிட்டதே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. யாருக்கோ ரோஜா பூக்க வேண்டும் என்று, நல்லது நினைத்தவன் கையாலேயே பெற்ற தாயைக் கொல்லவைத்திருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

“இன்னைக்கு ஒங்க அம்மா” என்றாள். “நாளைக்கு யாரு சார்?”

வெளியே மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. ததேயு கழுத்தில் தொங்கிய நடுநகரத்து அடையாள அட்டையைக் கழற்றி அம்மாவின் கால்மாட்டில் வைத்தான்.

“நாளைக்கு அந்த ரோட்டுல நான் உக்காருதேன்” என்றான்.

“ஒத்தையில உக்காந்தவதான் இந்தா கெடக்கா” என்றாள் ஜெனோவா. “ஊரே உக்காரும். பிள்ளகுட்டி, அடுப்பு, விறகு எல்லாத்தோடயும் உக்காரும். அம்மைய அடக்கிட்டு, நீயும் வா.”